வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

மாணவர்களே, ஒரே மனிதர் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு முடிவுகளை முதலில் பாருங்கள்.

2017 ஜூலை மாதம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ‘ஹார்ட்ராக் 100’ என்ற மலைப்பாதை ஓட்டம் நடந்தது. தூரம் 100 மைல், அதாவது ஏறக்குறைய 161 கிலோமீட்டர். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கிலியன் ஜோர்னெட் சுமார் 20 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வழுக்கி விழுந்தார். இடது தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. அதைத் தாமே பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, கையைக் கட்டித் தொங்கவிட்டபடி மீதித் தூரம் முழுவதையும் ஓடி முடித்தார். 24 மணி 32 நிமிடத்தில் முதலாவதாக வந்தார்.

2018 ஆகஸ்டு மாத இறுதி. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகள் வழியாக மோண்ட் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் ‘யூ.டி.எம்.பி.’ போட்டி. தூரம் சுமார் 170 கிலோமீட்டர். அதில் ஏற்கெனவே மூன்று முறை வென்ற அதே ஜோர்னெட் களத்தில் இருந்தார். ஓட்டம் தொடங்கும் நேரத்தில் அவரை ஒரு தேனீ கொட்டியது. உடல் அதற்கு ஒவ்வாமை காட்டியது. மூச்சுவிடச் சிரமம், நெஞ்சில் வலி. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு, போதும் என்று விலகிக்கொண்டார்.

முதல் கதைதான் கைப்பேசிகளில் இன்றும் சுற்றுகிறது. “தோள் விலகியும் வென்றார்” என்று இசையோடு காணொளி வரும். இரண்டாவது கதையை யாரும் பகிர்வதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அறிவியல் தெரியும். மலைப்பாதையில் ஓட கால் வேண்டும், மூச்சு வேண்டும். தோள் வலித்தாலும் கால் இயங்கும். மூச்சு தடுமாறினால் உடலின் எந்த உறுப்பும் ஒழுங்காக இயங்காது. இரண்டு முறையும் அவர் செய்தது ஒரே வேலைதான்: உடல் அனுப்பும் செய்தியைப் படித்து முடிவெடுத்தார். (மூட்டு விலகினால் நீங்களாகத் தள்ளிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும் சிதைந்துவிடக்கூடும்.)

என் கருத்து இதுதான்: காயத்தோடு ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்க உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகருவி வலி. ஓடுவதற்காக மாத்திரை போட்டு அந்தக் கருவியை அணைத்துவிடுவது வீரம் அல்ல. கண்ணைக் கட்டிக்கொண்டு மோட்டார் ஓட்டுவதற்குச் சமம்.

மலை காலுக்கு என்ன செய்கிறது?

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்ட தூரத்தை அல்ட்ரா மாரத்தான் என்கிறோம். நம் நாட்டிலும் இதற்கு ஆர்வலர்கள் பெருகிவிட்டார்கள். சபாவில் கினபாலு மலைப் பகுதியில் 2011 முதல் டி.எம்.பி.டி. மலைப்பாதை ஓட்டம் நடந்துவருகிறது. சனி, ஞாயிறு காலையில் புக்கிட் கியாராவுக்கோ புக்கிட் காசிங்குக்கோ போனால் முதுகில் தண்ணீர்ப் பையோடு பயிற்சி செய்பவர்களைப் பார்க்கலாம். இன்னும் கடுமையான பயிற்சி வேண்டும் என்பவர்கள் உலு லங்காட்டில் 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலைக்குப் போவார்கள்.

மலையில் ஏறுவதுதான் காலைக் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், உண்மைதான். தசைநார்கள் அதிகம் கிழிவது இறங்கும்போதுதான். பத்துமலையின் 272 படிகளில் ஏறி இறங்கிய மறுநாள் தொடையின் முன்பக்கம் வலித்திருக்கிறதா? அதற்குப் பெரும்பாலும் இறக்கமே காரணம். படி இறங்கும்போது தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. கயிற்றை நீங்கள் இழுத்துப் பிடித்திருக்கும்போதே எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அதைவிட வலுவாக இழுப்பதுபோல. இப்படி நீளும்போது தசையின் நுண்ணிய இழைகள் சிதைகின்றன. யூ.டி.எம்.பி. போன்ற ஓட்டத்தில் ஏறக்குறைய 10,000 மீட்டர் உயரம் ஏறவேண்டும், அவ்வளவும் இறங்கவும் வேண்டும்.

2009-ஆம் ஆண்டு அந்தப் போட்டியில் ஓடிய 22 பேரைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஓட்டம் முடிந்தபோது தொடையின் முன்தசை விசை சுமார் 35 விழுக்காடும், கெண்டைக்கால் தசை விசை சுமார் 39 விழுக்காடும் குறைந்திருந்தன. இவர்கள் அனுபவமும் பயிற்சியும் உள்ளவர்கள். அவர்களுக்கே காலின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

1997 மே 23-ஆம் தேதி எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை ஏற்றினார்கள் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அவர்கள் அங்கிருந்து பத்திரமாக இறங்கியும் வந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. உச்சியில் நிற்கும்போது பயணம் பாதிதான் முடிந்திருக்கும். இறங்கி வருவதற்கும் உடலில் கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்வதும் வலிதான்.

மாத்திரை எங்கே போய் வேலை செய்கிறது?

திசு சிதைந்தால் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. அது அருகிலுள்ள வலி உணரும் நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகிறது. சாதாரணமாகத் தெரியாத சிறு அழுத்தம்கூட அப்போது வலியாகத் தெரியும். “இந்த இடத்தை இப்போது பயன்படுத்தாதே” என்பதுதான் அதன் பொருள்.

போட்டி நேரத்தில் இந்தச் செய்தி ஏற்கெனவே பாதி மங்கித்தான் வருகிறது. அட்ரினலினும், உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபினும் வலியைக் குறைத்துக் காட்டுகின்றன. பந்தயத்தில் அடிபட்டவருக்கு வீட்டுக்கு வந்த பிறகே வலி தெரிவது இதனால்தான். அப்படியும் ஓட்டத்தின் நடுவில் வலி தெரிகிறது என்றால், உண்மையான சேதம் நீங்கள் உணர்வதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். ஐபூபுரூஃபன், டைக்ளோஃபினாக், நம் வீடுகளில் ‘போன்ஸ்தான்’ என்று அறியப்படும் மெஃபினாமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பம். புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதியை இவை தடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மாத்திரைக்கு முகவரி தெரியாது. கணுக்காலுக்கு மட்டும் போகாது; இரத்தம் போகும் இடமெல்லாம் போகும்.

சிறுநீரகத்துக்கும் போகும். அங்கே புரோஸ்டாகிளாண்டினுக்கு வேறொரு வேலை இருக்கிறது. வியர்த்து உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறையும். அந்த நேரத்தில் இரத்தக் குழாயை விரித்து வைத்து, வடிகட்டும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின்தான். மாத்திரை அந்த உதவியையும் நிறுத்திவிடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றை நினைத்துப் பாருங்கள். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. சட்டை நனைந்து சொட்டுகிறது. நீர் போகிறது, குளிர்ச்சி வருவதில்லை. இந்த ஊரில் ஓடுகிறவருக்குச் சிறுநீரகத்தின் அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை.

சரி, வலியாவது குறைகிறதா? 2005-இல் கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 160 கிலோமீட்டர் ஓட்டத்தில் டேவிட் நீமன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஐபூபுரூஃபன் எடுத்தவர்களுக்குத் தசைவலி மற்றவர்களைவிடக் குறையவில்லை. அவர்கள் வேகமாக ஓடவும் இல்லை. இரத்தத்தில் அழற்சிக்கான அடையாளங்கள்தான் கூடியிருந்தன.

2017-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 89 ஓட்டக்காரர்கள் 80 கிலோமீட்டர் ஓடினார்கள். ஒரு பிரிவுக்கு ஐபூபுரூஃபன். மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது ஓடியவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி தென்பட்டது. ஐபூபுரூஃபன் பிரிவில் அது 52 விழுக்காடு. 89 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை மட்டும் வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் உடலியங்கியல் சொல்லும் காரணமும் இந்த எண்களும் ஒரே பக்கம் சுட்டுகின்றன.

“நான் பனடோல்தானே போடுகிறேன்” என்று சிலர் கேட்பீர்கள். பாராசிட்டமோல் வேறு வகை, உண்மைதான். ஆனாலும் ஓடுவதற்காக அதை விழுங்கினால் அதுவும் செய்தியை மங்கலாக்கும் வேலையைத்தான் செய்கிறது. காய்ச்சலுக்கோ காயத்துக்கோ மருத்துவர் தரும் மருந்தை நான் குறை சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஓய்வெடுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

எல்லா வலிக்கும் நிற்க வேண்டுமா?

நியாயமான கேள்வி. சிறு வலிக்கெல்லாம் நின்றால் அல்ட்ரா மாரத்தானை யாராலும் முடிக்க முடியாது. பயிற்சி என்பதே உடலைக் கொஞ்சம் தொந்தரவு செய்வதுதான். ஆகவே வலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல் உற்றுநோக்குங்கள்.

முதலில் இடம். இரண்டு கால்களிலும் பரவலாக இருக்கும் வலி பெரும்பாலும் தசைக் களைப்பு. ஒரே காலில், ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி என்றால் எச்சரிக்கை. எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம்.

அடுத்து காலம். சூடேறும் பயிற்சி செய்ததும் குறைகிறதா, ஓட ஓடக் கூடுகிறதா? படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? கூடுகிற வலியோடும், ஓய்விலும் விடாத வலியோடும் ஓடக்கூடாது.

மூன்றாவது நடை. நீங்கள் நொண்டினால் முடிவு தெளிவு. ஒரு கால் தவிர்க்கும் பாரத்தை மற்றொரு கால் சுமக்கிறது; நாளைக்கு இரண்டு காயம்.

நான்காவது, பேரம் பேசவே கூடாத அறிகுறிகள்: வீக்கம், மரத்துப்போதல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல். கடும் ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறிய மையோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இது உங்களுக்கு ஏன்?

“சார், நாங்கள் எங்கே 160 கிலோமீட்டர் ஓடப்போகிறோம்?” என்கிறீர்களா? ஆண்டுதோறும் மெரந்தாஸ் டேசா ஓடுகிறீர்கள். பிரிக்பீல்ட்ஸ் பள்ளியானாலும் கிள்ளான் பள்ளியானாலும், முதல் நாள் மாலை கணுக்காலில் தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் மாத்திரையோடு வரிசையில் நிற்கும் மாணவர் இருக்கவே செய்வார். இல்லப் புள்ளி போய்விடும் என்ற பயம் அவருக்கு.

உங்கள் உடலில் பெரியவர்களிடம் இல்லாத ஒன்றும் இருக்கிறது. எலும்பின் முனைக்கு அருகே வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி. நீங்கள் உயரமாவது அங்கிருந்துதான். அது இன்னும் முழு எலும்பாகாததால் மூட்டைச் சுற்றியுள்ள இணைப்பு நார்களைவிட வலிமை குறைந்தது. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அடி, உங்களுக்கு வளர்தட்டுக் காயமாகலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே மேடாக வீங்கி வலிப்பதும், குதிகாலின் பின்புறம் வலிப்பதும் ஓடி விளையாடும் பதின்ம வயதினரிடம் அடிக்கடி காணப்படுபவை. இரண்டுமே ஓய்வைக் கேட்கும் வலிகள்.

பெரிய மலைப்பாதை ஓட்டங்களில் வழியெங்கும் சோதனைச் சாவடிகள் உண்டு. ஓட்டக்காரரின் நிலை மோசமாக இருந்தால் மருத்துவக் குழு அவரை நிறுத்திவிடும். பள்ளி ஓட்டத்தில் பெரும்பாலும் தொடக்கக் கோடும் முடிவுக் கோடும்தான் கவனிக்கப்படுகின்றன. பாதி வழியில் ஓர் ஆசிரியர் நின்று, நொண்டி வருபவரை நிறுத்தி நான்கு கேள்வி கேட்கட்டும். அங்கே நிறுத்தப்படுபவருக்கும் பங்கேற்புப் புள்ளி கிடைக்கட்டும். பெயருக்கு எதிரே ‘முடிக்கவில்லை’ என்று மட்டும் எழுதாமல் காரணத்தையும் எழுதட்டும்.

இதைச் சாக்காக வைத்துச் சிலர் நடிப்பார்கள் என்று ஆசிரியர்கள் தயங்கலாம். நடிப்பார்கள்தான். அதனால் ஒன்றிரண்டு புள்ளிகள் போகும். எலும்பு விரிசலோடு ஒரு மாணவர் ஓடி முடித்தால் போவது ஆறு முதல் எட்டு வாரம். சில நேரம் அதைவிடக் கூடுதல். எந்த நட்டம் பெரிது என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

விளையாட்டுத் தலைவர்களாக இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஓட்டத்தில் உங்கள் இல்லத்துப் பிள்ளை ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றால், “யாரிடமாவது மாத்திரை இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். “எங்கே வலிக்கிறது? தொட்டுக் காட்டு” என்று கேளுங்கள்.