தேதி தாண்டிய கருவும் பழைய தழும்பும்: முடிவெடுப்பவர் யார்?

இந்திய மருத்துவமனைகளில் ஒரு கர்ப்பிணியின் கேள்விகளை நிறுத்திவிட இரண்டு வாக்கியங்கள் போதும். ஒன்று, "முதல் குழந்தை சிசேரியன்." மற்றொன்று, "தேதி தாண்டிவிட்டது." இவற்றில் ஒன்று மட்டும் பொருந்தும் பெண்ணுக்குச் சற்றேனும் பேச இடம் கிடைக்கும். இரண்டும் பொருந்தும் பெண்ணுக்கு எஞ்சுவது அறுவை அரங்கில் நேரம் குறிப்பது மட்டுமே. அவளுக்கு வேறு வழிகள் இருந்தனவா, அவ்வழிகளின் ஆபத்து எவ்வளவு, அறுவையின் ஆபத்து எவ்வளவு என்று எவரும் அவளிடம் சொல்வதில்லை. அவள் கையொப்பமிடும் தாளிலும் பெரும்பாலும் அவை இருப்பதில்லை.

பழைய தழும்பு மருத்துவ உண்மை. நாற்பது வாரம் கடந்த கருவும் மருத்துவ உண்மை. ஆனால் இவ்விரண்டையும் கூட்டினால் "உடனே அறுவை" என்ற விடை தானாக வந்துவிடுவதில்லை. அந்த விடையைத் தருவது லேபர் வார்டின் ஆள்பற்றாக்குறையும், மருத்துவமனையின் வருவாய்க் கணக்கும், வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சமும். அமைப்பின் வசதிக்காக எடுக்கப்படும் ஒரு முடிவு அறிவியலின் பெயரால் அறிவிக்கப்படுகிறது. அதன் விலையைத் தன் அடுத்த கருவில் செலுத்தப்போகிறவள் அப்பெண்.

ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற விதி எங்கிருந்து வந்தது? 1916-இல் நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் கிராகின் என்ற மகப்பேறு மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்நாளில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறிக் குழந்தையை எடுத்தனர். அத்தகைய தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிளந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். முதல் அறுவையை எளிதாக எண்ணிச் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கவே கிராகின் அவ்விதியைச் சொன்னார். அதற்கு விலக்குகள் உண்டு என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். பின்னர் 1920-களில் மன்ரோ கெர் போன்றோர் கருப்பையின் கீழ்ப்பகுதியைக் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினர். இன்று செய்யப்படும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை அம்முறையில் அமைந்தவையே. அறுவையின் முறை மாறியது. அதைப் பற்றிய விதி மட்டும் மாறாமல் நின்றது. முதல் அறுவையைத் தடுக்கச் சொல்லப்பட்ட சொல், இரண்டாவது அறுவைக்கு நியாயம் கற்பிக்கும் சொல்லாகிவிட்டது.

அறிவியல் சொல்வது வேறு. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு குறுக்குக் கீறல் சிசேரியனுக்குப் பின் இயல்பான பிரசவத்துக்கு முயலும் பெண்களில் 72 முதல் 75 விழுக்காட்டினர் அவ்வாறே பெற்றெடுக்கின்றனர். முன்பு ஒருமுறையேனும் இயல்பாகப் பெற்றவர்களில் இது 85 முதல் 90 விழுக்காடு. தானாக வலி கண்ட நிலையில் தழும்பு பிளக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. இது சிறிய எண்தான், ஆயினும் அலட்சியப்படுத்தக்கூடியதன்று. தழும்பு பிளந்தால் நிமிடங்களில் குழந்தையை வெளியே எடுத்தாக வேண்டும், தாய்க்கு இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்துத் தரவுகளைக் கொண்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வாபத்தை அதற்குரிய ஒப்பீட்டில் வைத்துக் காட்டியது. சிசேரியனுக்குப் பின் இயல்பான பிரசவத்துக்கு முயலும்போது பிரசவத்தின் காரணமாகக் குழந்தை இறக்கும் ஆபத்து, திட்டமிட்ட அறுவையோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம். முதல் குழந்தையைப் பெறும் பெண்ணின் பிரசவத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழச் சமம். முதல் பிரசவத்துக்கு வரும் பெண்ணிடம், "உன் குழந்தைக்கு இவ்வளவு ஆபத்து, ஆகவே அறுவை" என்று எவரும் சொல்வதில்லை. அதே அளவு ஆபத்து இரண்டாம் பிரசவத்தில் மட்டும் மறுக்கவியலாத காரணமாகிவிடுகிறது.

அடுத்தது தேதி. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பது ஒரு மதிப்பீடு. குழந்தை பிறந்தாக வேண்டிய கெடுநாள் அன்று. 37 முதல் 42 வாரம் வரை எப்போது வலி கண்டாலும் அது நிறைமாதப் பிரசவமே. மருத்துவ வரையறையில் காலம் கடந்த கர்ப்பம் என்பது 42 வாரம் நிறைந்தது. 40 வாரமும் இரண்டு நாளும் ஆன பெண்ணிடம் "தேதி தாண்டிவிட்டது" என்று சொல்வது நாள்காட்டியைப் பொறுத்தவரை சரி. மருத்துவத்தைப் பொறுத்தவரை அச்சுறுத்தல்.

அந்தத் தேதியே எவ்வளவு சரியானது என்பது வேறு கேள்வி. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கப்படும் ஸ்கேன் மட்டுமே கருவின் வயதை ஓரளவு துல்லியமாகச் சொல்லும். பிந்திய மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் பிழை வாரக்கணக்கில் வரக்கூடும். கடைசி மாதவிடாய் நாளைக் குறித்து வைக்காத பெண்களும், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலேயே மீண்டும் கருவுற்ற பெண்களும், முதல் ஸ்கேனையே ஆறாம் மாதத்தில் எடுப்பவர்களும் இந்நாட்டில் ஏராளம். குருகிராம் மாவட்ட அரசு மருத்துவமனையில் 2015-இல் தொடங்கிய கர்ப்-இனி ஆய்வின் தரவுகளைக் கொண்டு, இந்தியக் கர்ப்பிணிகளுக்கென்றே கரு வயதுக் கணிப்பு முறைகளைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் ஃபரிதாபாத் ஆய்வு நிறுவனத்தாரும் உருவாக்க வேண்டியிருந்தது. கணிப்பு இவ்வளவு தளர்வாக இருக்கும் இடத்தில், தழும்புள்ள பெண்ணுக்கு மட்டும் அத்தேதி கல்வெட்டாகிவிடுகிறது.

காத்திருப்பதில் ஆபத்தே இல்லை என்று வாதிடுவது பொய்யாகும். 41 வாரத்துக்குப் பின் கரு வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு மெல்ல உயர்கிறது. ஸ்வீடனில் 41 வாரத்தில் வலி தூண்டுவதையும் 42 வாரம் வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்ததால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2019-இல் வெளியான அம்முடிவுகளின்படி, தூண்டப்பட்ட பிரிவில் ஓர் இறப்பும் இல்லை. 41 வாரம் நிறைந்தவர்களுக்கு வலி தூண்ட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இவ்வகைச் சான்றுகளின் அடிப்படையிலேயே.

தழும்புள்ள பெண்ணின் உண்மையான இக்கட்டு இங்குதான் தொடங்குகிறது. வலி தூண்டுவதே அவளுக்குத் தனி ஆபத்து. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தரவுகளைக் கொண்டு 2001-இல் வெளியான ஆய்வில், தானாக வலி கண்டவர்களில் கருப்பை பிளந்தது ஆயிரத்தில் 5.2 பேருக்கு. புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் தூண்டப்பட்டவர்களில் ஆயிரத்தில் 24.5 பேருக்கு. அம்மருந்தின்றித் தூண்டப்பட்டவர்களில் 7.7 பேருக்கு. ஆகவே மிசோப்ரோஸ்டால் போன்ற மருந்துகளை இவளுக்குத் தரலாகாது. ஆனால் ஃபோலி பலூன் உண்டு. அளவறிந்து, கண்காணித்துத் தரும் ஆக்சிடோசின் உண்டு. குழந்தையின் இதயத்துடிப்பையும் பனிக்குட நீரையும் பார்த்தபடி சில நாள் காத்திருக்கும் வழி உண்டு. திட்டமிட்ட அறுவையும் உண்டு. நாற்பது வாரம் கடந்தது என்பதாலேயே இயல்பான பிரசவ முயற்சியை மறுக்கலாகாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதலும் சொல்கிறது. வெற்றி வாய்ப்பு சற்றுக் குறையலாம், அவ்வளவே. வழிகள் பலவாக இருக்க, அவளிடம் வைக்கப்படுவது ஒன்று மட்டுமே.

"ஆபத்து" என்ற சொல் இந்த உரையாடலில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே வழங்குகிறது. தழும்பு பிளக்கும் என்று சொல்பவர், அடுத்த கருவில் நஞ்சுக்கொடி அத்தழும்பின்மேல் ஒட்டி வேரோடக்கூடும் என்பதைச் சொல்வதில்லை. 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கீழிறங்கியிருந்த பெண்களுள், இரண்டாவது சிசேரியன் செய்துகொண்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கு அது கருப்பைச் சுவருக்குள் ஊடுருவியிருந்தது. மூன்றாவது சிசேரியனில் அது 40 விழுக்காடு, நான்காவதில் 61. அவ்வாறு ஊடுருவிய நஞ்சுக்கொடியைப் பிரிக்க முயன்றால் இரத்தம் நிற்காது. பல வேளைகளில் கருப்பையையே அகற்ற நேரும். இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளும் நகரத்துப் பெண்ணுக்கு இக்கணக்கு தொலைவானது. மூன்றாவது, நான்காவது கருவைச் சுமக்கப்போகும் பெண்ணுக்கு, இரத்த வங்கி அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெண்ணுக்கு, இது உயிர்க்கணக்கு.

நாட்டின் புள்ளிவிவரங்களை அருகருகே வைத்தால் முடிவெடுப்பது எது என்பது தெளிவாகும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி சிசேரியன் விகிதம் 2015–16-இல் 17.2 விழுக்காடு, 2019–21-இல் 21.5 விழுக்காடு. பிந்திய ஆய்வில் அரசு மருத்துவமனைகளில் 14.3, தனியார் மருத்துவமனைகளில் 47.4. தெலங்கானாவில் எல்லாப் பிரசவங்களிலும் 60.7 விழுக்காடு சிசேரியன். மேற்கு வங்கத்தின் தனியார் மருத்துவமனைகளில் 82.7. பிகாரின் அரசு மருத்துவமனைகளில் 3.6 மட்டுமே, அதே பிகாரின் தனியார் மருத்துவமனைகளில் 39.6. பெண்களின் கருப்பை, மருத்துவமனைப் பலகையில் "அரசு" என்று எழுதியிருக்கிறதா "தனியார்" என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. மக்கள்தொகை அளவில் இவ்விகிதம் 10 விழுக்காட்டைக் கடந்தபின் தாய் சேய் இறப்பு குறைவதற்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. ஓரிடத்தில் தேவையற்ற அறுவை, மற்றோரிடத்தில் தேவைப்பட்டவளுக்கும் கிட்டாத அறுவை. இவ்விரண்டையும் ஒரே நாடு ஒரே ஆண்டில் நடத்துகிறது. இன்று செய்யப்படும் ஒவ்வொரு முதல் அறுவையும் சில ஆண்டுகளில் தழும்போடு திரும்பி வரும் ஒரு கர்ப்பிணியை உருவாக்குகிறது என்பதால் இவ்விகிதம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

மருத்துவர் தரப்பின் மறுப்பு வலுவானது. அதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. இரவு இரண்டு மணிக்குத் தழும்பு பிளந்தால் மயக்க மருந்து நிபுணர் எங்கே, இரத்தம் எங்கே, அரங்கைத் திறப்பவர் யார் என்று அவர்கள் கேட்கின்றனர். ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி 2021–22-இல் சமூக சுகாதார நிலையங்களில் மகப்பேறு நிபுணர் பற்றாக்குறை ஏறத்தாழ 74 விழுக்காடு. இந்நிலையில் பகல் பத்து மணி அறுவையைத் தேர்ந்தெடுக்கும் தனி மருத்துவரைக் கொடியவராகக் காட்டுவது எளிது, பயனற்றது. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. அவசர அறுவைக்கு மருத்துவர் உடனடியாகக் கிடைக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று 1999-இல் அங்குள்ள கல்லூரி அறிவுறுத்தியபின், பல மருத்துவமனைகள் இம்முயற்சியையே கைவிட்டன. 1996-இல் 28 விழுக்காடாக இருந்த சிசேரியனுக்குப் பிந்திய இயல்பான பிரசவம் பத்தாண்டில் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஆள்பற்றாக்குறை உண்மையானால் அதை அப்பெண்ணிடம் அவ்வாறே சொல்ல வேண்டும். "இங்கே இரவில் அரங்கு இல்லை" என்பது ஒரு காரணம். "உன் உடலால் முடியாது" என்பது வேறொன்று. முதலாவதைக் கேட்டவள் வேறு மருத்துவமனையைத் தேடுவாள், வசதி கேட்டுப் போராடுவாள். இரண்டாவதைக் கேட்டவள் தன் உடலின்மீது நம்பிக்கை இழந்து வீடு திரும்புவாள்.

சட்டமும் இதையே கோருகிறது. சமிரா கோலி வழக்கில் 2008-இல் இந்திய உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேரும் விளைவு ஆகியவற்றை அறிந்து தரும் ஒப்புதலே ஒப்புதல் என்றது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015-இல் மான்ட்கோமரி வழக்கில் ஒரு படி மேலே சென்றது. நீரிழிவு உள்ள ஒரு தாயிடம் இயல்பான பிரசவத்தின் ஆபத்தும் சிசேரியன் என்ற மாற்றும் சொல்லப்படவில்லை என்பதே அங்கு குற்றம். அங்கே மறைக்கப்பட்டது அறுவை. இங்கே மறைக்கப்படுவது அறுவையல்லாத வழி. இரண்டிலும் பறிக்கப்பட்டது ஒரே உரிமை.

ஆகவே, இயல்பான பிரசவத்தைப் பெண்மையின் வெற்றியாகக் கொண்டாடுவோருக்கும் இவ்வாதத்தில் ஆதாயமில்லை. "சுகப்பிரசவம்" என்ற சொல்லிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது; சிசேரியன் செய்துகொண்டவள் ஏதோ குறைபட்டவள் என்ற தீர்ப்பு. நெடுக்குத் தழும்புள்ளவளுக்கும், முன்பு கருப்பை பிளந்தவளுக்கும், நஞ்சுக்கொடி வழியை மறைத்தவளுக்கும் அறுவையே பாதுகாப்பு. இரு வழிகளின் ஆபத்தையும் அறிந்தபின் அறுவையைத் தேர்பவளின் முடிவும் முழுமையான முடிவே. கருப்பையில் தழும்புள்ளவளை மருத்துவமனைக்கு வெளியே, வீட்டிலேயே பெற்றெடுக்கத் தூண்டுவோர் செய்வது விடுதலை அன்று. மற்றொரு வகைப் பொறுப்பின்மை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, ஒவ்வொரு சிசேரியனுக்குப் பின்னும் கீறலின் வகையும் காரணமும் டிஸ்சார்ஜ் தாளில் தாய்மொழியில் எழுதப்பட வேண்டும். அவ்வொரு வரி இல்லாததாலேயே அடுத்த முறை கதவு மூடப்படுகிறது. இரண்டாவதாக, கருவின் வயதை அறியும் முதல் ஸ்கேன் மூன்று மாதத்துக்குள் எல்லாப் பெண்களுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, 36 வாரத்திலேயே, தேதி தாண்டினால் என்ன செய்வது என்ற திட்டம் எண்களோடு பேசப்பட்டுப் பதிவாக வேண்டும். 41-ஆம் வாரத்தில் மேசையருகே நின்று கையொப்பம் வாங்குவது உரையாடலாகாது. நான்காவதாக, ராப்சனின் பத்துப் பிரிவு வகைப்பாட்டில் ஐந்தாம் பிரிவு முந்தைய சிசேரியன் உள்ளவர்களுக்குரியது. அப்பிரிவில் எத்தனை பேர் முயன்றனர், எத்தனை பேர் பெற்றனர் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் வெளியிட வேண்டும். ஐந்தாவதாக, 2018-இல் ஒன்றிய அரசு அறிவித்த மகப்பேற்றுச் செவிலியர் திட்டம் காகிதத்திலிருந்து இறங்கி லேபர் வார்டுக்கு வர வேண்டும். தழும்புள்ள பெண்ணின் வலியில் இடைவிடாமல் உடனிருந்து கவனிக்க ஒருவர் தேவை. ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பார்க்கும் மருத்துவரால் அது இயலாது.

பொதுச் சுகாதாரம், சட்டம், பெண்ணியம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் சிசேரியன் விகிதத்தை ஒற்றை எண்ணாக மேற்கோள் காட்டிவிட்டுக் கடந்துபோகும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அவ்வெண்ணுக்குள் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தவர்கள், அவர்களில் எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது என்ற கேள்விக்கு இந்தியத் தரவுத் தொகுப்புகள் இன்னும் சரியான விடை தருவதில்லை. கேட்கப்படாத பெண்களைக் கணக்கெடுப்பதிலிருந்து அந்த ஆய்வு தொடங்கலாம்.