சுட்டது யார்?

“டுமீல்!”

துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் விழுந்து சாகிறான்.

1954-ல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. டைரக்‌ஷன் எஸ்.பாலசந்தர். சாகிறவர் சிவாஜி கணேசன்!

கதாநாயகனே போய்விட்டால் அப்புறம் என்ன கதை? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

குண்டு பட்டவரைக் காமிரா காட்டுகிறது. சுட்டவரைக் காட்டவில்லை. காமிரா கொஞ்சம் திரும்பியிருந்தால் கொலையாளி தெரிந்திருப்பார். மர்மமும் அங்கேயே முடிந்திருக்கும். திரும்பாததால் நம் மனம் தேடத் தொடங்குகிறது. சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு ஓடுகிறார். நாமும் கூடவே ஓடுகிறோம்.

காஞ்சீபுரம் செவிலிமேட்டில் பட்டு நெய்வதைப் பாருங்கள். நெய்த சேலை உருளையில் சுருண்டு மறைந்துகொண்டே போகும். பிரித்தால்தான் முழு அழகும் தெரியும். மர்மக் கதையும் அப்படித்தான். எதை, எப்போது பிரிப்பது என்று தெரிய வேண்டும்.

இன்றைய மர்மப் படங்கள் சில, முதல் காட்சியிலேயே இடி, அலறல், ரத்தம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகின்றன. காதுதான் வலிக்கிறது, மனம் பதறவில்லை. ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. மர்மத்துக்குப் பெரும் பணம் தேவையில்லை. மறைக்கத் தெரிந்தால் போதும்.

சரி, சுட்டது யார்? அதைச் சொன்னால் படம் பார்க்கும் சுவை போய்விடும். குடும்பத்தோடு பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள்!