'பிழைக்குமா' என்று கேட்கும் பெற்றோருக்கு

புற்றுநோய் கண்ட குழந்தையின் பெற்றோரிடம் 'குணமாக வாய்ப்பு குறைவு' என்று சொன்னால் மனம் ஒடிந்துபோவார்கள், நம்பிக்கை அற்றுவிடும் என்கிறார்கள். இரக்கத்தில் பிறந்த கருத்துதான். ஆனால் பெற்றோரையே கேட்டபோது வேறு பதில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் ஜெனிஃபர் மாக் குழுவினர் 194 பெற்றோரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், 87 சதவீதம் பேர் இயன்ற அளவு எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றார்கள். 36 சதவீதம் பேரை அந்தத் தகவல் மிகவும் கலங்கடித்தது உண்மை. ஆனால் கலங்கியவர்களே இன்னும் கூடுதலாகத் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், மருத்துவர் விவரமாகப் பேசியிருந்தால், நோயின் போக்கு மோசமாக இருந்தபோதும், அந்தப் பேச்சே நம்பிக்கை தந்தது என்று சொன்ன பெற்றோர் அதிகம்.

போகப்போக அவர்களுக்கே புரிந்துவிடும் என்பது அடுத்த வாதம். புரிகிறது, மிகவும் தாமதமாக. புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் பெற்றோர் 103 பேரிடம் ஜோன் உல்ஃப் குழுவினர் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, இனிக் குணமாகாது என்பதை மருத்துவர்கள் மரணத்துக்குச் சராசரியாக 206 நாட்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். பெற்றோர் 106 நாட்கள் முன்புதான். இடையில் நூறு நாள். நரம்பு கிடைக்காமல் ஊசியை மாற்றி மாற்றிக் குத்தும் காலைகளும், வாய்ப்புண்ணால் ஒரு வாய் கஞ்சி இறங்காத இரவுகளும் அந்த நூறு நாளுக்குள் வரக்கூடியவை. 'இன்றைக்கு ரத்த அணுக்கள் பரவாயில்லை' என்கிறார் மருத்துவர். பிள்ளை தேறிவருகிறது என்று தாய் எடுத்துக்கொள்கிறாள். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் அவள் ஏமாந்துபோகிறாள். இரு தரப்பும் முன்னதாக உணர்ந்த இடங்களில் கடைசி மாதத்தில் புற்றுநோய்க்கான சிகிச்சை குறைந்தது. வலியைத் தணிப்பதே நோக்கமானது.

குழந்தையிடமாவது மரணப் பேச்சை எடுக்கக் கூடாது என்பார்கள். சுவீடனில் 2004இல் வெளியான ஆய்வில், பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பெற்றோரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். மற்றவர்கள் வருந்தவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லோரையும் கட்டாயப்படுத்த இது ஆதாரமாகாது. இவை பாஸ்டனிலும் சுவீடனிலும் கிடைத்த விடைகள், எல்லா ஊருக்கும் பொருந்துமா என்று கேட்பதும் நியாயமே. அதனால்தான் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அந்தந்தக் குடும்பத்திடமே முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். ஒரு குழந்தைக்கு என்ன ஆகும் என்று யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும் என்று கேட்டால், யாராலும் முடியாது. அந்த நிச்சயமின்மையையும் சேர்த்தே சொல்லலாம். உண்மையைச் சொல்வது கைவிரிப்பது போலாகிவிடும் என்ற அச்சம்தான் மிஞ்சுகிறது. சொன்ன மருத்துவர் மறுநாள் காலையும் அதே கட்டிலருகே வந்து, ராத்திரி வலி இருந்ததா என்று விசாரித்தால், அந்தப் பெற்றோர் அதைக் கைவிரிப்பாக நினைக்கமாட்டார்கள்.