பாலத்தின் மேலே பார்த்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

மயிலாடியிலே கல் கொத்தும் ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். "கல்லு கரையாதுலே, அடிமண்ணுதான் கரையும்" என்பார் கல்தச்சரான என் அப்பா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர் சொன்னதன் பொருள், கல்லூரியில் இயற்பியல் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று.

2021 நவம்பர் மழையில் எங்கள் பக்கத்துச் சிறு பாலமொன்றின் தூண்களில் தென்னை மரமும் வாழைத்தடைகளும் ஆகாயத்தாமரையும் வந்து அடைத்துக்கொண்டன. மரம் இடித்துப் பாலம் விழுமோ என்று அஞ்சினோம். அஞ்ச வேண்டியது அது மட்டுமன்று.

500 கிலோ மரம் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மோதி, பத்தில் ஒரு வினாடியில் நின்றால், சராசரி விசை 20,000 நியூட்டன். ஏறத்தாழ 2 டன் எடை. பருத்த தூண் இதைத் தாங்கிவிடும். ஆனால் மோதிய மரம் அங்கேயே தங்கிவிடுகிறதே! அதன்மேல் அடுத்த மரம், அதன்மேல் குப்பை. தனித்தனித் தூண்கள் ஒரே சுவராகின்றன. நீர் தள்ளும் பரப்புப் பெருகுகிறது. வழி குறுகுவதால் வேகம் கூடுகிறது; வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. அடியில் பாயும் நீர் மண்ணை அரிக்கிறது. மட்டம் உயர்ந்து மேல்தளத்தைத் தொட்டால், மிதப்பு விசை தளத்தையே தூக்கப் பார்க்கிறது.

2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தில், போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. அதே மாதம் இடுக்கி செறுதோணியில் மரங்கள் வந்து குவிந்தும், வெள்ளம் மேலேறிப் பாய்ந்தும் பாலம் நின்றது. அதை ஒட்டிய சாலைதான் அரித்துப் போயிற்று. 2004 ஆழிப்பேரலையில் நம் மணக்குடிப் பாலத்தின் தளங்களைத் தண்ணீர் தூக்கி எறிந்தது, தூண்கள் நின்றன. பாலத்தின் வலிமை ஓரிடத்தில் இல்லை. அடித்தளம், தூண், தளம், கரை நான்கிலும் உண்டு.

ஆழ்ந்த அடித்தளம், கூர்முகத் தூண், அகன்ற கண், உயர்ந்த தளம் என்று புதுப் பாலங்களுக்குப் பொறியாளர் வழி கண்டுள்ளனர். பழைய சிறு பாலங்களுக்கு யார் துணை? அந்த வெள்ளம் வடிந்தபின் எங்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கீழே இறங்கித் தூணின் அடியைப் பார்த்தவர் எவருமில்லை.

இரு பருவமழை பெறும் மாவட்டம் நம்முடையது. வைகாசியிலும் புரட்டாசியிலும் ஒவ்வொரு பாலத்தின் கண்ணையும் துப்புரவு செய்ய வேண்டும். வெள்ளம் வடிந்ததும் அடிமண்ணைச் சோதிக்க வேண்டும். வெட்டிய வாழையை ஆற்றில் தள்ளும் வழக்கத்தை நாமும் விட வேண்டும். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் என்ன?

அந்தப் பாலத்தைக் கடந்துதான் நான் தினமும் கல்லூரிக்கு வருகிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டமும் அதைக் கடந்துதான் வர வேண்டும். நண்பர்களே, மேலே நடப்பவர் நாம். கீழே குனிந்து பார்க்க வேண்டியவரும் நாமே!