உயிருக்குக் கணக்கில்லையா?

2021 ஆகஸ்ட் 29. காபூலில் அமெரிக்க ஆளில்லா விமானம் ஏவிய கணைக்குப் பத்துப்பேர் பலி, எழுவர் குழந்தைகள்! பிழையென்று ஒப்பினர், எவரையும் தண்டித்தாரில்லை.

அயலாரை மட்டும் பழிப்பானேன்? அதே ஆண்டு டிசம்பர் 4, நாகாலாந்தின் ஓட்டிங்: சுரங்கவேலை முடித்து வீடு திரும்பிய தொழிலாளர் அறுவரைத் தீவிரவாதிகளென்று கருதிச் சுட்டது நம் படை. முப்பது படையினர்மீது காவல்துறை குற்றப்பத்திரிகை தந்தது. வழக்குத் தொடர இசைவு மறுத்தது மத்திய அரசு! ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டம் காட்டிய வழி அது.

கணக்குக் காட்டாதவன் பெயர் குடவோலையில் இடம்பெறலாகாதென்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் பொறித்தது உத்திரமேரூர்ச் சபை. பொருளுக்குக் கணக்குக் கேட்டது சிற்றூர். உயிருக்குக் கணக்குக் கூற மறுக்கிறது பேரரசு!

பிழை நேரலாம். விசாரணையைத் தடுப்பது பிழையன்று, குற்றம். அக்குற்றத்துக்குக் காவல் நிற்கும் சட்டம் ஒழியட்டும்!