இருளில் இறங்கும் சிறு விமானங்கள்: கற்பிட்டிக் கரை சிந்திக்க வேண்டியது

கற்பிட்டிக் குடாநாட்டைச் சுற்றுலா வலயமாக்கும் திட்டம் வகுக்கப்பட்டபோது, உள்நாட்டு விமான நிலையமொன்றும் அதில் இடம்பெற்றிருந்தது. பாலாவியில் விமானப்படைத் தளம் உள்ளது. 2019 ஒக்டோபரில் பலாலி, யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர், பிரதேசங்களைச் சிறு விமானங்களால் இணைக்கலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. இந்நம்பிக்கையை நாம் குறைகூற முன்வரவில்லை. ஆயினும், பகலில் தொடங்கும் சேவைகள் வசதியை முன்னிட்டு இரவுக்குள்ளும் நீள்வது இயல்பு. அதன் ஆபத்தை முன்கூட்டியே எண்ணிப்பார்ப்பது அவசியம் என்றே கருதுகின்றோம்.

இரவில் தரையிறங்கும் விமானியின் முதல் எதிரி அவரது கண்ணேயாகும். சுற்றிலும் வெளிச்சமற்ற நீர்ப்பரப்பைக் கடந்து, தொலைவில் தெரியும் ஓடுபாதை விளக்குகளை மட்டும் நோக்கி வருபவருக்குத் தாம் உயரமாகப் பறப்பதாகத் தோன்றும். அதனை நம்பி அவர் மேலும் தாழ்வார். ஓடுபாதையை எட்டுமுன்பே நிலமோ நீரோ எதிர்ப்படும். இதனைக் ‘கருந்துளை’ மயக்கம் என்பர். 1960களில் போயிங் நிறுவனத்தின் ஆய்வாளர் கொன்ராட் கிராஃப்ட் நடத்திய சோதனைகளில், அனுபவம் மிக்க விமானிகளே இம்மயக்கத்துக்கு ஆளாகினர்.

ஒருபுறம் களப்பும் மறுபுறம் சமுத்திரமும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில் இம்மயக்கத்துக்கு இடம் அதிகம். இரவில் தொழிலுக்குச் செல்லும் படகுகளின் விளக்குகளை விண்மீன்களாகக் கருதி, அடிவானம் எதுவெனத் தடுமாறவும் கூடும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் மாம்புரி முதலிய இடங்களின் காற்றாலைகளும் தாழப் பறக்கும் விமானத்துக்குத் தடைகளாகும்.

1999 ஜூலை 16ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கென்னடியின் புதல்வர் ஜோன் கென்னடி தாமே செலுத்திய சிறு விமானம் மார்த்தாஸ் வினியார்ட் தீவருகே கடலில் வீழ்ந்தது. அவரும் மனைவியும் மனைவியின் சகோதரியும் உயிரிழந்தனர். இயந்திரக் கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை. புகார் படர்ந்த இருளில், கடலின் மேல் திசையுணர்வை இழந்ததே காரணமென விசாரணை கண்டது. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்றிதழை அவர் பெற்றிருக்கவில்லை.

பெரிய விமானங்களுக்கும் இருள் இரக்கம் காட்டியதில்லை என்பதற்கு நமது மண்ணே சாட்சி. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் விமானம், கட்டுநாயக்கவில் இறங்க வருகையில் தன் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்து, நோர்ட்டன்பிரிஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. 1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு, ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பிய யாத்திரிகர்களுடன் வந்த ஐஸ்லாந்து விமானம், ஓடுபாதையை எட்டுமுன்பே கட்டுநாயக்க அருகே தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். இலங்கை விசாரணை விமானிகளைக் குறைகூற, ஐஸ்லாந்துத் தரப்போ தரையிலிருந்த வழிகாட்டிக் கருவிகளின் பராமரிப்பைச் சுட்டியது.

பல விமானிகளும் கருவிகளும் கொண்ட பெருவிமானங்களுக்கே இக்கதியெனில், ஒரே விமானி கண்ணை நம்பி இறக்கும் சிறு விமானத்தின் நிலை சொல்லாமலே விளங்கும்.

அண்டை நாடான மாலைதீவு இதில் நமக்கு ஒரு பாடம். உலகிலேயே பெருமளவில் கடல் விமானங்களை இயக்கும் அந்நாட்டில், அவை பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. மாலைக்குப் பின் வந்திறங்கும் பயணி மாலேயில் இரவு தங்குகின்றார் அல்லது படகில் செல்கின்றார். இதனால் அந்நாட்டின் சுற்றுலா சரிந்துவிடவில்லை.

அவசர நோயாளர்களுக்கு இரவு விமானம் உதவாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் குறிஞ்சிப்பிட்டியில் நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் தாய்க்கு முதலில் வேண்டியது விமானமன்று. பாலாவி நோக்கிய வீதி செப்பமாக இருப்பதும், 1990 சுவசெரிய அம்புலன்ஸ் தாமதமின்றி வருவதும், அண்மையிலுள்ள வைத்தியசாலையில் வைத்தியரும் இரத்தமும் இருப்பதுமே அவரைக் காப்பாற்றும்.

இப்பிரதேசத்தில் இரவுச் சேவையை அனுமதிக்க எவரேனும் முன்வருவாராயின், சில நிபந்தனைகள் முதலில் நிறைவேற வேண்டும். இறங்குகோணத்தைக் காட்டும் நான்கு விளக்குகள் ஓடுபாதையோரம் பொருத்தப்பட வேண்டும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு எனத் தெரிந்தால் விமானம் சரியான பாதையில் வருகின்றது. நான்கும் சிவப்பெனின் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. புகைபோக்கிகளிலும் காற்றாலைகளிலும் எச்சரிக்கை விளக்குகள் தவறாது எரிகின்றனவா என்று தொடர்ந்து பரிசோதிக்கப்பட வேண்டும். தீயணைப்புக் குழுவும் மீட்புப் படகுகளும் இரவிலும் தயார்நிலையில் இருக்க வேண்டும். கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதியுள்ள விமானிகளே இருவராகச் செலுத்த வேண்டும்.

இவை நிறைவேறும்வரை, சூரியன் மறைந்தபின் இக்கரையில் பயணிகள் விமானம் இறங்கலாகாது என சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை திட்டவட்டமாக அறிவிக்க வேண்டும். ஓர் இரவு தாமதித்துப் போவதால் எவருக்கும் பெருநட்டமில்லை. விபத்து நேர்ந்தால், இருளில் முதலில் கடலில் இறங்கித் தேடப் போகின்றவர்கள் இக்கரையின் மீனவர்களே. இத்தகைய திட்டங்கள் பற்றிய ஆலோசனையில் அவர்களுக்கும் இடமளிக்கப்பட வேண்டும் என வலியுறுத்துகின்றோம்.