உரத்துக்கு முன்னால் தண்ணீர்

வீட்டுத் தோட்டங்களுக்கு உரக் கலவை எழுதித் தரும் நமக்குக் கோடை தொடங்கியதும் வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மொட்டை மாடியில் மண்ணில்லா முறையில் குழாய் அமைத்துப் பாலக்கும் லெட்யூஸும் நட்டிருப்பார்கள். இளந்தளிர் மஞ்சளாக வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பி.எச். அளவைக் காலையில் 6-க்கு இறக்கினால் மறுநாளே 7-ஐத் தாண்டிவிடும். இதைக் கேட்டதும் நம்மில் பலர், "இரும்புச் சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

கரைசல் தொட்டியில் இரும்பு இல்லாமல் இல்லை. கடையில் கிடைக்கும் கலவைகள் பலவற்றில் இருப்பது ஈ.டி.டி.ஏ. இரும்பு. பி.எச். 6.5-ஐத் தாண்டினால் இரும்பின் மீது ஈ.டி.டி.ஏ.வின் பிடி தளர்கிறது. இரும்பு செடிக்கு எட்டாமல் படிந்துவிடுகிறது. மேலும் மேலும் ஊற்றினால் படிவுதான் கூடும். செடி நைட்ரேட்டை உறிஞ்சுவதாலும் பி.எச். ஏறும் என்பது உண்மையே. ஆனால் ஒரே நாளில் இவ்வளவு ஏறினால், போர் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது தரும் காரத்தன்மையை பி.எச். மீட்டரும் காட்டாது, மின்கடத்துத்திறனை அளக்கும் இ.சி. மீட்டரும் காட்டாது.

அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. வண்ண மீன் விற்கும் கடைகளில் கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) சோதனைப் புட்டி கிடைக்கிறது. 5 மில்லி தண்ணீரில் மருந்தைத் துளித்துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும்வரை விழுந்த துளிகளை எண்ணி, 18-ஆல் பெருக்கினால் போதும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் காரத்தன்மை என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். பதினொரு துளி என்றால் சுமார் 200.

"குடிக்கிற தண்ணீர்தானே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012) காரத்தன்மையை 200 வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. நம் கரைசலுக்கோ 100-ஐத் தாண்டினாலே அமிலக் கணக்கு போட்டாக வேண்டும்.

கணக்குப் போடாமல் அமிலம் ஊற்றுவதும் ஆபத்துதான். 200-ஐ 50-க்கு இறக்க பாஸ்பாரிக் அமிலத்தை மட்டுமே நம்பினால், லிட்டருக்கு 90 மில்லிகிராம் பாஸ்பரஸ் கூடுதலாகச் சேர்ந்துவிடும். கீரைக் கரைசலுக்கு அதில் பாதியே தாராளம். நைட்ரிக் அமிலம் சுமார் 42 மில்லிகிராம் நைட்ரஜனைச் சேர்க்கும். அதை உரக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த அமிலத்தை வைக்கச் சொல்ல முடியாது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் நிலைக்காது. நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்ததும் பி.எச். மறுபடி ஏறும். வீட்டில் பொருத்திய சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைத் தருமே ஒழிய, பைகார்பனேட்டைத் தொடாது.

வீட்டளவுக்கு எளிய வழி, ஆர்.ஓ. தண்ணீரைச் சரிபாதி கலப்பது. 200 இருந்த இடத்தில் 100 ஆகிவிடும். மிச்சத்துக்குக் கொஞ்சம் அமிலம் போதும். முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் என்றால் கால்சியமும் மெக்னீசியமும் நாம்தான் கொடுக்க வேண்டும், அதில் பி.எச். எளிதில் ஊசலாடவும் செய்யும். குறைந்த தண்ணீரை ஈடுகட்ட நாள்தோறும் ஊற்றுவதும் இதே கலவையாகத்தான் இருக்க வேண்டும். நேரடியாகப் போர் தண்ணீரை ஊற்றினால் செடி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சோடியத்தையும் குளோரைடையும் தொட்டியிலேயே விட்டுவைக்கும். இ.சி. மீட்டருக்கு அந்த உப்பும் உரமும் ஒன்றுதான்.

சென்னை போன்ற ஊரில் ஒரே வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் மாறி மாறி வருகின்றன. சென்ற மாதம் எடுத்த அளவு இந்த மாதம் செல்லாது. ஆகவே தண்ணீர் மாறும்போதெல்லாம் துளி எண்ணிக் குறித்துவைக்க வீட்டுக்காரருக்கே கற்றுக்கொடுங்கள். இலை வெளுத்ததும் தனக்குக் கைராசி இல்லை என்று நினைத்துக் குழாய்களைக் கழற்றி வைத்துவிடுபவர்கள் அநேகம். அவர்களுடைய உழைப்பில் குறையில்லை. நாம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. காரத்தன்மை தெரியாமல் இனி எந்த வீட்டுக்கும் உரக் கலவை எழுதித் தருவதில்லை என்று நாம் முடிவெடுக்க வேண்டும்.